விடுதியும் விருந்தினர் வாய்மொழியும்



'ஹோட்டல்' என்னும் சொல்லைத் தமிழில் பெயர்க்குமாறு பணித்தால், மைய அரசின் மொழிபெயர்ப்பாளன் உடனே பேனாவை எடுப்பதில்லை. "அங்கே உண்பதா, உறங்குவதா?" என்று முதலில் கேட்பான். ஆங்கிலேயர் அச்சொல்லைத் தங்குமிடத்துக்கு வைத்தனர். நாம் அதை உண்ணுமிடத்துக்கு வைத்துக்கொண்டோம். "ஹோட்டலுக்குப் போய் வந்தேன்" என்று கும்பகோணத்தில் ஒருவர் சொன்னால், இரண்டு இட்டிலி, ஒரு வடை, ஒரு காப்பி என்று பொருள். படுக்க இடம் வேண்டியவர் லாட்ஜைத் தேடிப் போவார். என்னோடு பணிபுரியும் வடநாட்டு நண்பர் ஒருவர் முதன்முறையாகத் தென்னாட்டுப் பயணம் சென்று திரும்பியவர், "உங்கள் ஊர்களில் இத்தனை ஹோட்டல்கள் இருக்கின்றன, ஒன்றிலாவது ஒரு கட்டில் இல்லையே!" என்று வியந்தார். மூன்று நாள் ஆட்டிறைச்சிக்கு ஏங்கித் திரிந்த அவர், 'மிலிட்டரி ஹோட்டல்' என்ற பலகையைக் கண்டதும், அது படைவீரர்களுக்கென ஒதுக்கப்பட்ட இடம் என்று கருதி, மரியாதையோடு விலகி நடந்தாராம்.

கனாட் பிளேஸில் இருந்த மெட்ராஸ் ஹோட்டலைத் தில்லித் தமிழர் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். அது மூடப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. மூடிய பின்னும் அதன் பெயர் அருகிலிருந்த பேருந்து நிறுத்தத்தில் தங்கியிருந்தது. ஹோட்டலில் மனிதர் தங்குவது உலக வழக்கம். ஹோட்டல் போன பின் அதன் பெயர் தெருவில் தங்கிய புதுமையை நாம் அங்கேதான் கண்டோம்.

இன்று நான் பேச வந்தது உறங்கும் ஹோட்டலைப் பற்றி. அதிலும் குறிப்பாக, அங்கே தங்கியவர்கள் சொல்லிச் சென்ற சுவையான சொற்களைப் பற்றி. வீட்டைப் பற்றி வேடிக்கையாகப் பேசியவர் குறைவு; விடுதியைப் பற்றிப் பேசியவரோ மிகப் பலர். இதற்குக் காரணம் இருக்கிறது. உறவினர் வீட்டில் காப்பி கழுநீர் போல இருந்தாலும், "அமிர்தம்" என்று சொல்லியே குடித்தாக வேண்டும். தலையணை கல்லாக இருந்தாலும், "அயர்ந்து தூங்கினேன்" என்றுதான் காலையில் சொல்ல வேண்டும். விடுதியில் நாம் காசு கொடுத்திருக்கிறோம். காசு கொடுத்தவுடன் நாவின் கட்டு அவிழ்ந்துவிடுகிறது.

இந்த உண்மையை ஒரு தத்துவமாகவே நிலைநாட்டியவர் ஆங்கிலப் பேரறிஞர் சாமுவேல் ஜான்சன். 1776-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஆக்ஸ்போர்டு வட்டாரத்தில் பயணம் செய்கையில், ஒரு வழிப்போக்கர் விடுதியில் உணவருந்தியபடி அவர் கூறியதை அவருடைய வரலாற்றாசிரியர் பாஸ்வெல் எழுதி வைத்திருக்கிறார். அதன் சாரம் இது: எவ்வளவு பெரிய செல்வரின் மாளிகையாயினும் விருந்தாளி அங்கே முழு இன்பம் அடைவதில்லை. வந்தவர் மகிழ வேண்டுமே என்று வீட்டுக்காரருக்குக் கவலை. வீட்டுக்காரர் மனம் கோணக் கூடாதே என்று வந்தவருக்குக் கவலை. விடுதியில் இந்த இரு கவலைகளும் இல்லை. அங்கே எவ்வளவு அதிகமாகக் கூச்சலிடுகிறோமோ, எவ்வளவு அதிகமாகத் தொல்லை கொடுக்கிறோமோ, எவ்வளவு அதிகமாகப் பண்டங்களைக் கேட்கிறோமோ, அவ்வளவுக்கவ்வளவு நமக்கு வரவேற்பு மிகும். ஊழியர்களும் இனாமை எதிர்பார்த்து ஓடியோடிப் பணி செய்வார்கள். மனிதன் மனிதனுக்காகக் கண்டுபிடித்தவற்றுள் நல்ல விடுதியைப் போல் இன்பம் தருவது வேறொன்றில்லை என்பது அவர் முடிவு.

விருந்தோம்பலை இல்லறத்தின் முதற்கடமைகளுள் வைத்த மரபில் வந்த நமக்கு இது சற்று உறைப்பாகத்தான் இருக்கிறது. ஆயினும் பெரியவர் சொன்னதில் பாதி உண்மை என்பதை மறுக்க இயலாது. மற்றப் பாதியை அவர் சொல்லவில்லை. அதிகமாகக் கேட்டால் வரவேற்பு மிகும், பட்டியலும் மிகும்.

அந்த மற்றப் பாதியைச் சொன்னவர் நம்மவர். 1888 செப்டம்பர் இறுதியில், பத்தொன்பது வயதும் நிறையாத இளைஞராக இலண்டன் போய்ச் சேர்ந்த மோகன்தாஸ் காந்தி, விக்டோரியா ஹோட்டலில் தங்கினார். மின்தூக்கியின் கதவைத் திறந்து உள்ளே விட்டபோது, சற்று நேரம் அமர்ந்திருப்பதற்கான அறை போலும் என்று நினைத்தாராம். அறை தானே மேலே ஏறி இரண்டாம் மாடியில் நின்றபோது அவருக்கு உண்டான வியப்பை அவரே தம் இலண்டன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அதைவிடப் பெரிய வியப்பு கணக்குப் பட்டியலில் காத்திருந்தது. மூன்று பவுன்! இதில் அவர் வயிறார உண்டதும் இல்லை. கொண்டுவந்த பண்டம் பிடிக்காமல் வேறொன்று கேட்டார். பிடிக்காததற்கும் விலை, பிடித்ததற்கும் விலை. பெருந்தொகை கொடுத்தும் பட்டினி கிடந்ததாகத் தம் வாழ்க்கை வரலாற்றில் அவர் குறிக்கிறார். அயலூர் விடுதியைப் பற்றி இந்தியர் சொன்னவற்றுள் இதைவிடச் சுருக்கமான உண்மையை நான் அறியேன். கல்கத்தாவுக்குப் புதிதாக வந்த தமிழர் தயிர் கேட்டு, இனிப்புத் தயிர் வரக்கண்டு திகைத்து, அதற்கும் காசு கொடுத்து, பிறகு வெறுஞ்சோற்றை மோரில்லாமலே உண்டு எழுந்த கதையைக் கேட்காதவர் உங்களுள் எத்தனை பேர்?

காந்தியடிகள் முறையிட்டது பண்டத்தின் விலையைப் பற்றி. விலையே இல்லாத இடத்தில், அறத்துக்குச் சோறிடும் சத்திரத்தில், முறையிட்டவரும் தமிழில் உண்டு. பதினைந்தாம் நூற்றாண்டினராகக் கருதப்படும் காளமேகப் புலவரே அவர். நாகப்பட்டினத்தில் காத்தான் என்பவர் நடத்திய சத்திரத்தில் பசியோடு போய் அமர்ந்த புலவருக்கு நெடுநேரம் சோறு வரவில்லை. பசி பாட்டாயிற்று. பொழுது சாயும் நேரத்தில்தான் அங்கே அரிசி வந்து இறங்குமாம். அதைக் குத்தித் தீட்டி உலையேற்றுவதற்குள் ஊர் முழுவதும் உறங்கிவிடுமாம். முதல் அகப்பைச் சோறு இலையில் விழும்போது கிழக்கே விடிவெள்ளி தோன்றிவிடுமாம். விடுதிச் சேவையின் தாமதத்தைப் பற்றி உலகில் எத்தனையோ பேர் குறைகூறியிருக்கின்றனர். வானத்துக் கோளைச் சாட்சிக்கு அழைத்தவர் வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

இதற்குப் பின் நடந்ததாகச் சொல்லப்படுவதுதான் எனக்கு இன்னும் சுவையானது. காத்தான் ஓடிவந்து, இப்பாட்டு நிலைத்தால் தம் அறத்தின் பெயர் கெடுமே என்று வருந்தினாராம். புலவர் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. பொருளை மட்டும் மாற்றிக் காட்டினார். நாடெங்கும் அரிசி அற்றுப்போகும் பஞ்ச காலத்திலும் இங்கே அரிசி வந்து சேரும் என்பது முதலடியின் பொருளாயிற்று. இங்கே உலை ஏறியவுடன் ஊரின் பசி அடங்கிவிடும் என்பது அடுத்தது. 'வெள்ளி' என்ற சொல்லே எல்லாவற்றுக்கும் மேலாக நின்றது: ஓர் அகப்பைச் சோறு இலையில் விழுந்தால் அதன் வெண்மைக்கு நாணி வெள்ளிக்கோளே எழுந்து ஓடிவிடும்! வசை வாழ்த்தாயிற்று. இது செவிவழிக் கதை. வரலாறு என்று சாதிக்க வேண்டியதில்லை. தமிழர் இக்கதையை இத்தனை தலைமுறையாகப் போற்றி வைத்திருப்பதன் காரணம் மட்டும் விளங்குகிறது. குறையைச் சொல்லியாயிற்று, சொன்ன பிறகு சத்திரக்காரர் முகத்தைப் பார்க்கவும் முடிந்தது. மறுநாளும் அங்கேயே தங்க முடிந்திருக்கும் என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

விடுதியைப் புகழ்ந்த சொற்கள் இல்லாமலில்லை. கல்கத்தாவில் 1840-ஆம் ஆண்டையொட்டித் தொடங்கி, பின்னர் கிரேட் ஈஸ்டர்ன் ஹோட்டல் என்று பெயர் பெற்ற விடுதியைப் பற்றி வெள்ளையர் காலத்தில் ஒரு பேச்சு வழங்கியது. ஒருவன் ஒரு வாயிலில் நுழைந்து, உடுப்புகளையும் திருமணப் பரிசையும் தோட்டத்துக்கு விதையையும் வாங்கி, நன்றாக உண்டு, குடித்து, மதுக்கூடத்துப் பெண் இசைந்தால் திருமணமும் நிச்சயித்துக்கொண்டு, மறு வாயிலால் வெளியேறலாம் என்றார்களாம். உறங்குவதற்கு அறை உண்டா என்பதை மட்டும் அந்தப் புகழுரை சொல்லவில்லை.

விருந்தாளி வாய் திறப்பதற்கு முன்பே விடுதி பேசிவிடுவதும் உண்டு. சுவரில் மாட்டிய அறிவிப்புகளைச் சொல்கிறேன். என் தொழில் காரணமாக, அறைக்குள் நுழைந்ததும் கட்டிலைப் பார்க்கும் முன் நான் அவற்றைத்தான் படிப்பேன். 1867-இல் இயற்றப்பட்ட சராய்ச் சட்டம், சத்திரம் நடத்துவோர் கட்டண விவரத்தை மாஜிஸ்திரேட் கட்டளையிடும் மொழிகளில் எழுதித் தொங்கவிட வேண்டும் என்று விதித்தது. மொழிபெயர்ப்பாளரின் பிழைப்புக்கு அன்றே வழி செய்த சட்டம் அது. அன்று விலையைச் சொன்ன பலகைகள் இன்று பொறுப்பின்மையைச் சொல்கின்றன: காணாமற்போகும் பொருளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல, வெந்நீர் வராவிடினும் பொறுப்பல்ல. பெரிய விடுதிகளில் குளியலறைத் துண்டின் மேல் ஓர் அட்டை இருக்கிறது. பூமியைக் காப்பாற்ற விரும்பினால் துண்டைத் துவைக்கப் போடாமல் மறுபடி பயன்படுத்துங்கள் என்கிறது. நம் வீடுகளில் ஒரே துண்டை ஆண்டு முழுவதும் வைத்துக்கொள்ளும் நாம், இத்தனை காலம் பூமியைக் காத்து வந்ததை அறியாமலே இருந்துவிட்டோம்.

சுவர் என்றவுடன் ஒயில்டின் நினைவு வருகிறது. ஆங்கில நாடகாசிரியர் ஆஸ்கார் ஒயில்ட் சிறை சென்று மீண்டு, பெயரும் பொருளும் இழந்து, பாரிஸ் நகரில் அல்ஸாஸ் ஹோட்டல் என்னும் எளிய விடுதியில் தம் இறுதி நாள்களைக் கழித்தார். அறைச் சுவரில் ஒட்டியிருந்த வண்ணத்தாள் அவர் கண்ணுக்குப் பொறுக்கவில்லை. தமக்கும் அத்தாளுக்கும் உயிர்ப்போர் நடக்கிறது என்றும், இருவருள் ஒருவர் போயாக வேண்டும் என்றும் அவர் சொன்னார். இதை அவருடைய கடைசிச் சொல் என்று உலகம் பரப்பிவிட்டது. உண்மையில், இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் நண்பர் ஒருவரிடம் சொன்னது அது. 1900-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் போனவர் ஒயில்ட், தாள் வென்றது. அவருக்கு வயது நாற்பத்தாறு. தம் செலவுகளைக் குறித்து, வருவாய்க்கு மீறி வாழ்ந்தது போலவே வருவாய்க்கு மீறிச் சாகிறேன் என்றும் அவர் சொன்னதாக வழங்குகிறது.

இந்தச் சொற்களை எல்லாரும் எடுத்தாள்கின்றனர். ஆனால் அந்த விடுதிக்காரரை யாரும் நினைப்பதில்லை. துப்வாரியே என்பது அவர் பெயர். ஒயில்ட் முன்பு தங்கிய வேறொரு விடுதியில் பாக்கிக்காகப் பிடித்து வைத்திருந்த உடைமைகளைத் தம் பணத்தைக் கட்டி மீட்டுக் கொடுத்தவர் அவர். தம் விடுதிக்கு வர வேண்டிய பாக்கி நாளுக்கு நாள் ஏறியபோதும் நோயாளியை வெளியே அனுப்பவில்லை. கடைசிவரை உடனிருந்து பணிவிடை செய்தார். அடக்கத்தன்று, மணிகள் கோத்த வளையம் ஒன்றை அவர் வைத்தார். அதில் பொறித்திருந்தவை, "என்னிடம் குடியிருந்தவருக்கு" என்று பொருள்படும் மூன்று பிரெஞ்சுச் சொற்கள். பாக்கியைப் பின்னர்த் தீர்த்தவர் ஒயில்டின் நண்பர் ராபர்ட் ராஸ். விடுதியில் தங்கியவர்கள் சொன்னவற்றையெல்லாம் ஒரு தட்டிலும் இந்த மூன்று சொற்களை மறு தட்டிலும் வைத்தால், எத்தட்டு தாழும் என்பதில் எனக்கு ஐயம் இல்லை.

விடுதியிலேயே பிறந்து விடுதியிலேயே இறந்தவரும் உண்டு. அமெரிக்க நாடகாசிரியர் யூஜீன் ஓநீல், நடிகரான தந்தை ஊர் ஊராகச் சுற்றியதன் பயனாக, 1888-இல் நியூயார்க்கில் ஒரு ஹோட்டலில் பிறந்தார். 1953-இல் பாஸ்டனில் ஒரு ஹோட்டலில் உயிர் நீத்தார். "ஹோட்டல் அறையில் பிறந்தேன், பாழாய்ப்போக, ஹோட்டல் அறையிலேயே சாகிறேன்" என்ற பொருளில் அவர் கசந்து சொன்னதாகக் கூறுவர். மாற்றல் உத்தரவுக்குப் பெட்டியைத் தயாராக வைத்திருக்கும் மைய அரசு ஊழியர்கள் இதற்குச் சிரிப்பதா என்று சற்று யோசிக்கக்கூடும்.

தங்கியவர்களின் சொல் இவ்வாறிருக்க, நடத்தியவர்களின் சொல்லுள் புகழ்பெற்றது, விருந்தாளி ஒருபோதும் தவறு செய்வதில்லை என்பது. இதைச் சொன்னவராகக் கருதப்படுபவர் செஸார் ரிட்ஸ். 1850-இல் சுவிட்சர்லாந்தின் ஒரு மலைக் கிராமத்தில், குடியானவர் வீட்டில் பதின்மூன்றாவது குழந்தையாகப் பிறந்தவர். இளமையில் அவரை வேலையினின்று நீக்கிய ஒரு விடுதி முதலாளி, "இத்தொழிலுக்கு ஒரு தனித் திறமை வேண்டும், அது உன்னிடம் இல்லை" என்றாராம். அவர்தாம் 1898-இல் பாரிஸில் தம் பெயராலேயே ஓர் உலகப் புகழ் விடுதியைத் திறந்தார். 1902 ஜூனில், ஏழாம் எட்வர்டு மன்னரின் முடிசூட்டு விழாவுக்காக இலண்டன் கார்ல்ட்டன் ஹோட்டலில் பெருவிருந்துகளுக்கு அவர் ஏற்பாடு செய்திருந்தார். விழாவுக்கு இரண்டு நாள் இருக்கையில், மன்னருக்குக் குடல்வால் நோய் கண்டு விழா தள்ளிவைக்கப்பட்டது. செய்தி கேட்ட ரிட்ஸ் மனமொடிந்து விழுந்தார். 1918-இல் இறக்கும் வரை அவர் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. மன்னர் பேரிலும் தவறில்லை; விருந்தாளி ஒருபோதும் தவறு செய்வதில்லை. ஆயினும் அந்தத் தவறின்மையின் விலையை யாரோ ஒருவர் கொடுத்தாக வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் அதைக் கொடுப்பவர் முதலாளியும் அல்லர்; தட்டைத் தூக்கிக்கொண்டு நிற்பவர்.

அமெரிக்க நகைச்சுவையாளர் ராபர்ட் பெஞ்ச்லி பெயரில் ஒரு கதை உலவுகிறது. விடுதியை விட்டுப் புறப்படுகையில் வாயிற்காவலர் கையை நீட்டி, "ஐயா, என்னை மறந்துவிட மாட்டீர்களே?" என்று கேட்டாராம். பெஞ்ச்லி அந்தக் கையைப் பற்றிக் குலுக்கி, "மாட்டேன், நாள்தோறும் கடிதம் எழுதுவேன்" என்றாராம். கேட்டவுடன் சிரிப்பு வருகிறது, எனக்கும் வந்தது. காலியாகவே திரும்பிய அந்தக் கையை எண்ணும்போது சிரிப்பு சற்றுக் குறைகிறது. சம்பளம் குறைவாகவும் இனாம் வருமானமாகவும் உள்ள தொழில் அது. வண்ணத்தாளைப் பகடி செய்தால் தாளுக்கு வீட்டில் குழந்தைகள் இல்லை.

இதே நினைவை எழுப்பும் இந்தியக் காட்சி ஒன்று உண்டு. 1896 ஜனவரியில் அமெரிக்க எழுத்தாளர் மார்க் டுவெய்ன் பம்பாய் வந்து, வாட்சன் ஹோட்டலில் தங்கினார். இங்கிலாந்தில் வார்த்த இரும்புச் சட்டங்களைக் கப்பலில் கொண்டுவந்து பூட்டி எழுப்பிய கட்டடம் அது. அதே ஆண்டு ஜூலை 7-ஆம் நாள் லூமியேர் சகோதரர்களின் சலனப்படம் இந்தியாவில் முதன்முதலாகக் காட்டப்பட்டதும் அங்கேதான். காலா கோடாப் பகுதியில் எஸ்பிளனேடு மாளிகை என்னும் பெயரோடு சிதைந்து நிற்கும் அதை மும்பை நேயர்கள் அறிவர். அங்கே டுவெய்னைக் கவர்ந்தவை பலகணிக்கு வந்த காகங்கள். கம்பியில் வரிசையாக அமர்ந்து, அவர் உடையையும் நிறத்தையும் தொழிலையும் பற்றி அவை கலந்து ஆலோசித்தனவாம். இவ்வளவு காலம் தூக்கிலிடப்படாமல் இந்த ஆள் எவ்வாறு இந்தியா வரை வந்து சேர்ந்தான் என்றும் விவாதித்தனவாம். விருந்தாளி விடுதியைப் பற்றிப் பேசுவது வழக்கமாக இருக்க, விடுதிக் காகங்கள் விருந்தாளியைப் பற்றிப் பேசுவதாக மாற்றியது அவருடைய மேதைமை.

ஆனால் அதே பயண நூலில், சில பக்கங்களுக்குள், நகைச்சுவையற்ற ஒரு பகுதி வருகிறது. அறையைக் காட்ட வந்த பருத்த ஜெர்மானியர் ஒருவர், பலகணிக் கதவைச் சரிசெய்ய முழந்தாளிட்ட இந்திய ஊழியரின் வேலை திருப்தியளிக்காமையால், என்ன குறை என்று சொல்லும் முன்பே அவர் தாடையில் ஓங்கி அறைந்தார். அடிபட்டவர் ஒன்றும் பேசாமல் பொறுத்துக்கொண்டார். டுவெய்னுக்கு அக்கணமே ஐம்பது ஆண்டுகளுக்கு முந்திய தம் சிறுவயது நினைவுக்கு வந்தது. அடிமை முறை நிலவிய மிசௌரி மாநிலத்தில் வளர்ந்தவர் அவர். அடிமையை அறைவது இயல்பு என்று அன்று தாம் எண்ணியதையும், அடிபட்டவருக்காக உள்ளூர இரங்கியதையும் அங்கே எழுதுகிறார். உலகையே சிரிக்க வைத்த எழுத்தாளர், விடுதி ஊழியர் ஒருவர் அடிபட்டபோது வேடிக்கையை நிறுத்திவிட்டார். எவ்விடத்தில் நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருந்ததால்தான் மற்ற இடங்களில் அவர் வேடிக்கை சுவைக்கிறது என்பது என் கருத்து.

பிற மாநிலத்தில் வாழும் நமக்கு இது தொலைவான செய்தியன்று. மாட்டுங்காவிலும் கரோல் பாக்கிலும் நம் முன்னோர் பலர் முதல் வேலையை விடுதிகளிலும் மெஸ்களிலுமே தொடங்கினர். உடுப்பியிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் மீசை அரும்பாத பையன்கள் இரயிலேறி வந்து, பாத்திரம் துலக்கி, இரவில் மேசைகளைச் சேர்த்துப் போட்டு அதன்மேல் உறங்கினர். வந்த வாடிக்கைக்காரர்கள் சாம்பாரைப் பற்றிச் சொன்ன நகைச்சுவைகளையெல்லாம் முதலில் கேட்டவை அவர்களுடைய காதுகளே. பாதி மொழி புரியாததனால் தப்பித்தார்கள் என்றும் சொல்லலாம்.

இன்று இரயில் மறுதிசையிலும் ஓடுகிறது. சென்னையிலும் மதுரையிலும் கோவையிலும் விடுதி அறைகளைத் துடைப்போரும் தோசைக்கல்லின் முன் நிற்போரும் பலர் ஒடிசா, பீகார், அசாம் மாநிலத்தவர். விருந்தாளியின் சொல்லும் இன்று காற்றோடு போவதில்லை. அறையைக் காலி செய்யும் முன்பே கைப்பேசி வழியாக முதலாளியிடம் போய்ச் சேர்கிறது. பையனின் பெயரையும் சேர்த்து எழுதினால் அவன் கூலியிலும் போய் நிற்கலாம். காளமேகத்தின் பாட்டைக் காத்தானாவது நேரே வந்து கேட்டு, பொருளை மாற்றித் தருமாறு வேண்ட முடிந்தது.

நம்முள் பலருக்குச் சொந்த ஊரிலேயே விடுதியில் தங்கும் காலமும் வந்துவிட்டது. பெற்றோர் மறைந்தனர், உடன்பிறந்தார் பிரிந்தனர், வீடு கைமாறியது. திருமணத்துக்கோ திதிக்கோ போனால், பிறந்த தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஓர் அறையை எடுக்க வேண்டியிருக்கிறது. சென்ற ஆண்டு கும்பகோணத்தில் ஒரு லாட்ஜில் நான் தங்கினேன். பதிவேட்டில் 'நிரந்தர முகவரி' என்றொரு கட்டம். அடையாள அட்டையில் உள்ளபடி தில்லி முகவரியை எழுதினேன். அடுத்த கட்டம் 'வந்த நோக்கம்'. மேலே எழுதியிருந்தவர்கள் கோயில், வியாபாரம், மகாமகக் குளம் என்று நிரப்பியிருந்தார்கள். தந்தையின் திதி என்று நான் எழுதினேன்.

பெட்டியை மாடிக்குத் தூக்கி வந்த பையன் ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தைச் சேர்ந்தவன். இருபது வயது இருக்கும். பதிவேட்டில் 'தில்லி' என்று இருந்ததைப் பார்த்தவன், என்னிடம் இந்தியிலேயே பேசினான். நானும் பழக்கத்தால் இந்தியிலேயே விடை சொன்னேன். தண்ணீர்க் கூஜாவை வைத்து, மின்விசிறியைச் சுழலவிட்டு, வாயிலருகே நின்று தயங்கி, அக்கறையோடு என்னிடம் சொன்னான்: "சாப், கீழே சாப்பாடு நன்றாயிருக்கும். ரசம் என்று ஒன்று ஊற்றுவார்கள். முதலில் காரமாகத்தான் இருக்கும், பயப்படாதீர்கள். எனக்கும் பழக மூன்று மாதம் ஆயிற்று."